பத்து ரூபாய் லைட்டரா, இரண்டு ரூபாய் தீப்பெட்டியா? வீட்டு உபயோகத்துக்கு ஒரு மதிப்பீடு

பெட்டிக்கடையில் 10 ரூபாய்க்குத் தொங்கும் பிளாஸ்டிக் லைட்டரையும் 2 ரூபாய்த் தீப்பெட்டியையும் வீட்டு வேலைகளுக்காக ஒப்பிட்டுப் பார்க்கும் மதிப்பீடு இது. குத்துவிளக்கு, ஊதுபத்தி, சூடம், கொசுவத்தி, விறகடுப்பு, கரண்ட் போனால் மெழுகுவத்தி என்று தினமும் நெருப்பு கேட்கும் வேலைகள் இவைதான். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இவற்றுக்கு வாங்க வேண்டியது தீப்பெட்டி, அதுவும் சோதித்துத் தேர்ந்த தீப்பெட்டி. கேஸ் அடுப்புக்குப் பொறி மட்டும் தருகிற கேஸ் லைட்டர் போதும். பாக்கெட் லைட்டருக்கு வீட்டில் ஓரிரண்டு வேலைகள்தான் உண்டு. அவற்றுக்கும் எங்கிருந்து வந்ததென்றே தெரியாத பத்து ரூபாய்ச் சரக்கு வேண்டாம்.

விலையில் லைட்டர்தான் மலிவு. அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. ஒரு லைட்டர் 20 தீப்பெட்டிகளின் விற்பனையைப் பிடித்துக்கொள்கிறது என்பது தீப்பெட்டித் தொழிலில் இருப்பவர்களே சொல்லும் கணக்கு. பெட்டிக்கு 50 குச்சி என்றால் 1,000 முறை. லைட்டரில் ஒரு முறைக்கு 1 பைசா, தீப்பெட்டியில் ஒரு குச்சிக்கு 4 பைசா. ஆனால் அந்த ஆயிரம் என்பது ஓரிரு நொடியில் சிகரெட் பற்றவைக்கிறவரின் கணக்கு. ஐந்து முகமும் ஏற்ற வேண்டிய குத்துவிளக்குக்குப் பத்து நொடியாவது சுடர் எரிய வேண்டும். எண்ணெய் சரியாக ஊறாத திரி என்றால் இன்னும் கூடும். அப்படிப் பயன்படுத்தும் வீட்டில் லைட்டரின் எரிவாயு பாதிக் காலத்திலேயே தீரும்.

நாளைக்கு 5 முறை நெருப்பு பற்றவைக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,825 குச்சி, அதாவது 37 பெட்டி, 74 ரூபாய். லைட்டர் என்றால் இரண்டிலிருந்து நான்கு வரை, 20 முதல் 40 ரூபாய். உள்ளூர்ப் பொருளான தீப்பெட்டியை வாங்குவதால் ஆண்டு முழுவதற்கும் கூடுதலாக ஆகும் செலவு 34 முதல் 54 ரூபாய். மலிவு என்ற ஒரே காரணத்துக்காக லைட்டருக்கு மாறுகிறவர்கள் இந்தத் தொகையை ஒருமுறை மனதில் போட்டுப் பார்க்க வேண்டும்.

லைட்டர் எப்படி இருக்கிறது

பாக்கெட் லைட்டருக்குள் இருப்பது அழுத்தத்தில் திரவமாக நிற்கும் பியூட்டேன். மேலே ஒரு வால்வு, அதைத் திறக்கும் நெம்பு, இரும்பும் சீரியமும் கலந்த ஒரு சின்னக் கல், அதை மேலே தள்ளும் ஸ்பிரிங், கல்லை உரசும் பல் சக்கரம், எல்லாவற்றையும் மூடும் தகட்டுத் தொப்பி. இவ்வளவுதான். மலிவுச் சரக்கில் முதலில் கைவிடுவது பெரும்பாலும் கல்லும் சக்கரமும். எரிவாயு கால்வாசி மிச்சம் இருக்கும்போதே பொறி வராது. மீண்டும் நிரப்பவோ கல்லை மாற்றவோ வழி வைக்காத உடம்பு என்பதால் அப்படியே குப்பைக்குப் போகும்.

இதைவிட மோசம் வால்வில் வரும் கோளாறு. சட்டைப் பையின் தூசியும் பீடித் தூளும் வால்வு வாயில் ஒட்டிக்கொண்டால் அது முழுதாக மூடாது. விரலை எடுத்த பிறகும் சுடர் இரண்டு நொடிக்கு மேல் நின்றால் அந்த லைட்டரை மீண்டும் பையில் போடக் கூடாது. கசிவு இருக்கிறதா என்று பார்க்க ஒரு டம்ளர் தண்ணீர் போதும். லைட்டரை முழுக்க அமிழ்த்தி ஒரு நிமிடம் வையுங்கள். முதலில் தகட்டுக்குள் இருந்த காற்று குமிழியாக வெளியேறும், அது கணக்கில்லை. அதற்குப் பிறகும் வால்வு வாயிலிருந்தோ அடிப்பக்க ஒட்டிலிருந்தோ குமிழி வந்துகொண்டே இருந்தால் கசிகிறது என்று பொருள்.

லைட்டர்களுக்கான உலகத் தரம் ஐஎஸ்ஓ 9994. அதன்படி திரவம் உள்கொள்ளளவில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 65 டிகிரி வெப்பத்தில் 4 மணி நேரம் தாங்க வேண்டும், ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் உடையக் கூடாது. 85 சதவீதம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. வெயிலில் திரவம் விரியும், விரிய இடம் வேண்டும். உள்ளே தெரியும் உடம்பு கொண்ட லைட்டரை நிமிர்த்திப் பிடித்தால், புதிதாக இருக்கும்போதும் மேலே கொஞ்சம் காலியிடம் தெரிய வேண்டும். விளிம்பு வரை நிரப்பியதை வாங்காதீர்கள். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் முன்பலகையில் எந்த லைட்டரையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். 50 டிகிரிக்கு மேல் வைக்காதே என்ற எச்சரிக்கை லைட்டர்களில் அச்சிடப்படுவது இதற்காகத்தான்.

விளக்கேற்ற இது ஏன் ஒத்துவருவதில்லை என்றால், சுடர் எப்போதும் மேல்நோக்கியே எரியும். அகலுக்குள் கிடக்கும் திரியைத் தொட லைட்டரைக் கவிழ்க்க வேண்டியிருக்கிறது. கவிழ்த்தால் சுடர் கட்டைவிரலை நோக்கித் திரும்பும். நான்காவது முகத்துக்கு வருவதற்குள் தகடு சுடும், விரல் நெம்பிலிருந்து நழுவும். கேஸ் அடுப்பில் பாக்கெட் லைட்டரைப் பயன்படுத்துவது இதைவிட ஆபத்து. கை பர்னருக்கு ஒட்டினாற்போல் இருக்கும். வாயு திறந்து ஒரு நொடி தாமதமானாலும் பரவும் தீ கையில்தான் படும்.

அதற்கென்று நியாயமான இடங்களும் உண்டு. மழையில் நனைந்தால் தீப்பெட்டி அதோடு முடிந்தது. லைட்டரைத் தட்டித் துடைத்துச் சக்கரத்தை ஊதிக் காயவிட்டால் மீண்டும் பொறி வரும். கடலுக்குப் போகிறவர்கள், இரவுக் காவலில் இருப்பவர்கள், ஒரு கையில் வேலையை வைத்துக்கொண்டு மறு கையால் பற்றவைக்க வேண்டியவர்கள் லைட்டர் வைத்திருப்பதில் தவறே இல்லை. மார்கழியில் ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: பியூட்டேனின் கொதிநிலை பூஜ்ஜியத்தை ஒட்டியது, உறைபனி விடியலில் அது ஆவியாகத் தயங்கும். சுடர் சிறுத்தால் இரண்டு நிமிடம் உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிவிட்டுப் பற்றவையுங்கள்.

தீர்ந்த லைட்டரை இலைச் சருகோடு சேர்த்துக் கொளுத்தும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. உள்ளே மிச்சமிருக்கும் வாயு வெடித்துச் சில்லு தெறிக்கும். குழந்தைகள் சுற்றி நிற்கும் இடத்தில் இது நடக்கவே கூடாது.

தீப்பெட்டியில் எதைப் பார்த்து வாங்குவது

எல்லாத் தீப்பெட்டியும் ஒன்றல்ல. ஒரே விலைக்கு நல்லதும் மட்டமும் ஒரே தட்டில் கிடைக்கிறது. வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் தேர்வு எளிது.

குச்சித் தலையில் இருக்கும் மருந்தில் பெரும்பங்கு பொட்டாசியம் குளோரேட். கூடவே கந்தகம், கண்ணாடித்தூள், இவற்றைப் பிடித்துவைக்கும் வச்சிரப் பசை. பெட்டியின் பக்கவாட்டில் பூசுவது சிவப்பு பாஸ்பரஸும் கண்ணாடித்தூளும் பசையும். உரசும்போது பக்கத்திலிருந்து துளி பாஸ்பரஸ் பற்றி, அந்தச் சூட்டில் குளோரேட் ஆக்சிஜனை விடுகிறது. கந்தகம் எரிகிறது. தலைக்குக் கீழே குச்சியில் ஏற்றியிருக்கும் மெழுகு உருகி ஆவியாகித் தீயை மரத்துக்குக் கொண்டுபோகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் நமக்குத் தெரிவது 'குச்சி சரியில்லை' என்பது மட்டும்தான். ஆனால் ஒவ்வொரு கோளாறுக்கும் அடையாளம் வேறு.

தலை 'சுர்'ரென்று எரிந்து, மரத்தைப் பிடிக்காமலே அணைந்தால் மெழுகு குறைவு, அல்லது குச்சி சரியாகக் காயவில்லை. உரசியதும் தலை துண்டாகத் தெறித்தால் பசை போதாது, அல்லது அவசரமாகக் காயவைத்ததில் மருந்து விரிசல் விட்டிருக்கிறது. நைலான் புடவை கட்டியிருப்பவர்களுக்கு இது நிஜமான அபாயம், அப்படித் தெறிக்கும் பெட்டியை வீட்டில் வைத்திருக்கவே வேண்டாம். தலை பெட்டியின் பக்கவாட்டில் அரிசி மாவு போலத் தேய்ந்து கறையாக ஒட்டினால் நமுத்துப்போயிருக்கிறது. பாதிப் பெட்டி தீர்வதற்குள் பக்கவாட்டுப் பூச்சு வெளுத்து அட்டை தெரிந்தால் பாஸ்பரஸ் பூச்சை மெலிதாக இழுத்திருக்கிறார்கள். பாதுகாப்புத் தீப்பெட்டி என்பதால் அந்தக் குச்சிகளைச் சுவரிலோ தரையிலோ உரசியும் பயனில்லை. தீர்ந்துபோன நல்ல பெட்டியின் மேல்பெட்டி ஒன்றை எடுத்து வைத்திருந்தால் அப்போது கைகொடுக்கும்.

பலரும் கவனிக்காதது கங்கு. நல்ல தயாரிப்பில் குச்சி மரத்தை பாஸ்பேட் உப்புக் கரைசலில் நனைத்துக் காயவைப்பார்கள். அப்படிச் செய்த குச்சியை ஊதினால் சுடர் அணைந்ததும் நுனி உடனே கறுத்துவிடும். செய்யாதது நான்கைந்து நொடி செங்கங்காக நின்று, குப்பைக் கூடையில் விழுந்த இடத்தில் காகிதத்தைப் பற்றவைக்கும். தீப்பெட்டியால் வீட்டில் நேரும் விபத்துகளைக் குறைக்க இந்த ஒரு சோதனையே பெரும் உதவி.

ஆகவே டஜன் கணக்கில் வாங்குவதற்கு முன் ஒரே ஒரு பெட்டி வாங்கிப் பத்துக் குச்சி உரசிப் பாருங்கள். குறைந்தது ஒன்பது குச்சி முதல் உரசலிலேயே பற்றி மரத்தைப் பிடிக்க வேண்டும். ஒன்றுகூடத் தெறிக்கக் கூடாது. ஊதியதும் கங்கு நிற்கக் கூடாது. குச்சிகளையும் எண்ணிவிடுங்கள். 50 இருக்க வேண்டிய பெட்டியில் 40 இருந்தால் குச்சி 4 பைசா அல்ல, 5 பைசா. அடிப்பெட்டி மேல்பெட்டிக்குள் தளர்வாக ஆடினால் தலைகீழாகப் பிடித்ததும் அத்தனையும் தரையில் கொட்டும், அதையும் ஒதுக்குங்கள்.

உரசும் முறையிலும் விஷயம் இருக்கிறது. குச்சியின் கடைசி நுனியைப் பிடித்து அழுத்துவதால்தான் அது ஒடிகிறது. நடுவுக்குச் சற்று மேலே பிடித்து, உடம்பைவிட்டு வெளிப்புறமாக, பக்கத்தின் முழு நீளத்துக்கும் ஒரே இழுப்பு. ஒரே இடத்தில் குத்திக் குத்தி உரசினால் பூச்சு அங்கே மட்டும் தேய்ந்து போகும். உரசும் முன் பெட்டியை மூடுங்கள். திறந்த பெட்டிக்குள் ஒரு பொறி விழுந்தால் ஐம்பது தலையும் ஒன்றாகப் பற்றும். பற்றியதும் தலையைக் கொஞ்சம் கீழே சாய்த்துச் சுடர் மரத்தில் ஏற விடுங்கள், பிறகு குச்சியைக் கிடைமட்டமாகப் பிடித்தால் ஐந்து முகத்தையும் ஒரே குச்சியில் ஏற்றிவிடலாம்.

மழைக்காலத்தில் பசை ஈரம் இழுக்கும். தலையைவிடப் பக்கவாட்டுப் பூச்சுதான் முதலில் கெடுகிறது, ஏனென்றால் அது மெல்லிய படலம். இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பாவில் ஒரு கைப்பிடி வறுத்து ஆறிய அரிசியைப் போட்டு அதன்மேல் பெட்டிகளை அடுக்கினால் போதும். நமுத்த பெட்டியை அடுப்பு மேடையில், தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் காயவைக்காதீர்கள். வெயில் வந்ததும் காற்றோட்டமான நிழலில் அரை நாள் திறந்து வைத்தால் பெரும்பாலான குச்சிகள் தேறிவிடும். டப்பா குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். லைட்டருக்கும் இதே விதிதான், சொல்லப்போனால் இன்னும் கடுமையாக.

அந்த இரண்டு ரூபாய் எங்கே போகிறது

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, வடக்கே குடியாத்தம் வரை பரவிக் கிடக்கும் தொழில் இது. வானம் பார்த்த கரிசல் காட்டில் மழை பொய்த்த ஆண்டுகளிலும் அடுப்பெரியக் காரணமாக இருந்தவை தீப்பெட்டி ஆபீஸ் என்று அழைக்கப்படும் ஊர்ப்புறத்துச் சிறு ஆலைகள். கட்டை அடுக்குவதும் (மருந்தில் தோய்க்கக் குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாக வைப்பது) பெட்டி அடைப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதை நம்பியிருப்பதாக 2022 செப்டம்பரில் முதல்வர் ஸ்டாலின் மத்திய நிதியமைச்சருக்கு எழுதிய கடிதம் சொன்னது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் லைட்டர்களுக்குத் தடை கேட்ட கடிதம் அது.

லைட்டர் போன்ற இறக்குமதியோடு இந்தத் தொழில் மல்லுக்கு நிற்பது இது முதல் முறையல்ல. 1920களின் தொடக்கத்தில் இங்கே விற்றவை பெரும்பாலும் ஸ்வீடன், ஜப்பான் தீப்பெட்டிகள்தான். 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பி, 1923இல் இங்கே தொடங்கினார்கள். அந்த ஒரு பயணத்திலிருந்து வளர்ந்ததுதான் பிறகு வந்த அச்சுத்தொழிலும் பட்டாசும்கூட.

விலை எவ்வளவு மெதுவாக ஏறியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1995இல் 25 பைசாவிலிருந்து 50 பைசா. 2007இல் 1 ரூபாய். அதன் பிறகு 14 ஆண்டுகள் அசையவே இல்லை. 2021 டிசம்பர் 1ஆம் தேதிதான் 2 ரூபாய் ஆனது. அதற்கு முன்பு 600 பெட்டி கொண்ட ஒரு பண்டல் ஆலையிலிருந்து 270 முதல் 300 ரூபாய்க்குப் போனது. பெட்டிக்குக் கிடைத்தது 45 முதல் 50 பைசாதான். சிவப்பு பாஸ்பரஸ் கிலோ 425லிருந்து 810 ரூபாய்க்கு ஏறிய பிறகே உயர்த்தினார்கள். பாஸ்பரஸ் பூச்சு ஏன் மெலிந்தது என்பதற்கான காரணத்தில் ஒரு பகுதி இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

அரசு நடவடிக்கை இரண்டு கட்டமாக வந்தது. 2023 ஜூன் 29 அன்று, சரக்கு விலை, காப்பீடு, கப்பல் கட்டணம் மூன்றும் சேர்ந்து 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே லைட்டர்களுக்கு ஐ.எஸ்.ஐ. தர முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையும் வெளியானது. முழு லைட்டருக்குத் தடை வந்ததும், உதிரி பாகங்களாக இறக்கி இங்கே பூட்டி விற்பது தொடர்ந்தது. அந்தப் பாகங்களுக்கும் 2024 அக்டோபரில் தடை வந்தது. ஆகவே இப்போது கடையில் லைட்டர் வாங்குகிறவர் பார்க்க வேண்டியது ஐ.எஸ்.ஐ. முத்திரை, தயாரித்தவர் பெயர், முகவரி. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முத்திரையோடு இந்தியாவிலேயே முழுதாகச் செய்து, வாயு நிரப்பவும் கல் மாற்றவும் வழி வைத்த லைட்டர் கொஞ்சம் கூடுதல் விலையானாலும் வாங்கத் தகுந்தது. அதுவும் உள்ளூர்த் தயாரிப்புதான்.

உள்ளூர் என்பதற்காக எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இந்தத் தொழிலில் குழந்தைகளை வேலைக்கு வைத்த கொடுமை உச்சநீதிமன்றம் வரை போய், 1996 டிசம்பரில் விரிவான தீர்ப்பு வந்தது. அந்தக் கண்காணிப்பு தளரவே கூடாது. தரத்திலும் அப்படித்தான். தயாரிப்பாளர்கள் மூன்றைச் செய்தால் லைட்டரோடு போட்டியிட அரசின் தயவு இவ்வளவு தேவைப்படாது: பெட்டியின் இரு பக்கமும் கடைசிக் குச்சி வரை தாங்கும் பூச்சு, கங்கு நிற்காத குச்சி, அச்சிட்ட எண்ணிக்கை உள்ளே உண்மையில் இருப்பது. குச்சிக்கான மென்மரம் பெரும்பாலும் கேரளத்திலிருந்து வருகிறது. ஈரம் போகக் காய்ந்த மரத்தை மட்டும் எடுப்போம் என்று ஆலைகள் கறாராக இருந்தாலே பாதிப் புகார் தீரும். ஒரு பெட்டிக்கு ஐந்து பைசா கூடினால்கூட வாங்குகிறவர்கள் கொடுப்பார்கள். பற்றாத குச்சிக்குத்தான் யாரும் காசு கொடுக்க மாட்டார்கள்.

வாங்க ஏற்ற நேரம் புரட்டாசி, ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன். பத்துக் குச்சிச் சோதனையில் தேறிய ஒரு டஜன் 24 ரூபாய், நாளைக்கு 5 குச்சி என்றால் 120 நாள் வரும். கார்த்திகை தீபத்துக்கு மட்டும் இரண்டு பெட்டி கூடுதலாக எடுத்து வையுங்கள். அகல்கள் நிறைய இருந்தால் முதல் விளக்கைக் குச்சியால் ஏற்றி, மற்றவற்றுக்கு ஒரு நீள மெழுகுவத்தியைப் பயன்படுத்தினால் குச்சியும் மிஞ்சும், விரலும் சுடாது.